கேபிள் மாறிச் செருகினால் செட் எரியுமா? கணினியோடு ட்ரான்ஸீவரை இணைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2017 இல் எஃப்.ரி-8 என்ற, கணினி வழியாகச் செய்தி அனுப்பும் முறை வந்த பிறகு கொழும்பில் அமெச்சூர் வானொலி செய்கிற பலரின் மேசையில் செட்டுக்கு (அனுப்பவும் பெறவும் செய்யும் ட்ரான்ஸீவருக்கு) பக்கத்தில் கணினியும் ஏறிவிட்டது. பெரிய அன்ரனா போட வழியில்லாத வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை அடுக்குமாடிக்காரருக்கு, குறைந்த சக்தியிலும் தூரம் போகும் இந்த முறை பெரிய வசதி. அதோடு கேபிள் பிரச்சினையும் சேர்ந்து வந்தது. என்னிடம் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

அண்ணா, செட்டையும் கணினியையும் இணைக்க எத்தனை வயர் வேணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுறாங்க.

வேலை மூன்று. கணினி செட்டின் அலைவரிசையைப் படிப்பதும் மாற்றுவதும் ஒன்று. இதைத்தான் கேட் என்கிறோம், ஐகொம் செட்டுகளில் சி.ஐ-வி. அடுத்தது ஒலி போய்வருவது. மூன்றாவது பி.ரி.ரி, அதாவது செட்டை டிரான்ஸ்மிட்டுக்குத் தட்டுவது. ஐகொம் ஐ.சி-7300, யாயெசு எஃப்.ரி-991ஏ போன்ற செட்டுகளில் சவுண்ட் கார்ட் உள்ளேயே இருப்பதால் மூன்றும் ஒரே யூ.எஸ்.பி கேபிளில் அடங்கிவிடும். அந்தச் செட்டுக்காரர்கள் கீழே உள்ளதில் பாதியைத் தாண்டிப் போகலாம். எர்த் பற்றிய கேள்வியை மட்டும் தாண்ட வேண்டாம்.

பழைய செட் என்றால் பெரும்பாலும் வேலைக்கொரு சொக்கெட். வினை வருவது அங்கேதான்.

பிளக் சரியாப் போய் உட்காருது. அப்ப கேபிளும் சரிதானே?

இல்லை. பிளக்கின் வடிவம் உள்ளே என்ன வோல்ட் ஓடுகிறது என்பதைச் சொல்லாது. யாயெசு செட்டுகளின் ஆறு பின் டேட்டா சொக்கெட்டும் பழைய கணினியின் பி.எஸ்-2 மவுஸ் சொக்கெட்டும் ஒரே வடிவம். எஃப்.ரி-817, 857, 897 ஆகியவற்றின் எட்டுப் பின் கேட் சொக்கெட்டில் முதலாம் பின்னில் செட்டின் 13.8 வோல்ட் அப்படியே வெளியே வருகிறது. அதே சொக்கெட்டில்தான் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத டேட்டா பின்களும் இருக்கின்றன. ஐகொம்மின் சி.ஐ-வி சொக்கெட் வெறும் 3.5 மில்லிமீட்டர் ஓட்டை. பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் ஓட்டைக்கும் அதற்கும் பார்வையில் வித்தியாசமே இல்லை.

பழைய மவுஸ் வயரை வெட்டி டேட்டா கேபிள் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. மவுஸில் நான்கு பின்னுக்கு மட்டும்தான் வழக்கமாக வயர் இருக்கும், இரண்டாம் பின்னும் ஆறாம் பின்னும் சும்மா கிடக்கும். யாயெசு டேட்டா சொக்கெட்டில் கிரவுண்ட் வருவது அந்த இரண்டாம் பின்னில். கிரவுண்டே இல்லாமல் கேபிள் செய்துவிட்டு, ஹம் சத்தம் வருகிறது, செட் பழுது என்று சொல்வார்கள்.

ஆர்.எஸ்-232, ரி.ரி.எல் எண்டு சொல்லுறது என்ன? ரெண்டும் சீரியல் தானே?

ரெண்டும் சீரியல்தான், அதாவது ஒரு கம்பியில் பிட் பிட்டாக டேட்டா அனுப்புவது, வோல்ட் வேறு. ரி.ரி.எல்லில் பூச்சியத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் (சிலதில் 3.3) இடையில் சிக்னல் ஆடும். ஆர்.எஸ்-232 இல் அது பூச்சியத்துக்குக் கீழேயும் போகும்: கழித்தல் 5 முதல் 15 வரை ஒரு நிலை, கூட்டல் 5 முதல் 15 வரை மற்ற நிலை. போதாக்குறைக்கு ஒன்றுக்கொன்று தலைகீழ். சும்மா இருக்கும் நேரத்தில் ரி.ரி.எல் கம்பி மேலே நிற்கும், ஆர்.எஸ்-232 கம்பி கழித்தலில் நிற்கும்.

ரி.ரி.எல் எதிர்பார்க்கும் செட்டுக்கு ஆர்.எஸ்-232 ஐக் கொடுத்தால் ஆபத்து. மறுபக்கம் நடந்தால், அதாவது ஆர்.எஸ்-232 செட்டுக்கு ரி.ரி.எல் கேபிளைக் கொடுத்தால், பொதுவாக ஒன்றும் எரியாது, வேலை செய்யாது, அவ்வளவுதான். எஃப்.ரி-817 குடும்பமும் ஐகொம் சி.ஐ-வியும் ரி.ரி.எல். யாயெசு எஃப்.ரி-450, எஃப்.ரி-950, கென்வுட் ரி.எஸ்-480, ரி.எஸ்-2000 ஆகியவற்றின் பின்னால் ஒன்பது பின் சீரியல் சொக்கெட்டே இருக்கிறது, அவை ஆர்.எஸ்-232.

என்ட கையில இருக்கிற கேபிள் எந்த வகை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? மேல ஒண்டும் எழுதியில்ல.

எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். மல்டிமீட்டர் ஒன்று வேண்டும், விலை குறைந்ததே போதும். கேபிளைக் கணினியில் மட்டும் செருகுங்கள், செட்டில் வேண்டாம். புட்டி போன்ற டெர்மினல் மென்பொருள் ஒன்றில் அந்தக் கேபிளுக்குக் கணினி கொடுத்திருக்கும் கொம் போர்ட்டை (சீரியல் போர்ட்டை) திறந்து வையுங்கள், ஏனெனில் சில சிப்கள் போர்ட் திறக்கும்வரை தூங்கும். மீட்டரை 20 வோல்ட் டி.சியில் வைத்து, கறுப்புக் கம்பியைக் கிரவுண்டில், சிவப்பைக் கணினியிலிருந்து டேட்டா வரும் பின்னில். 3.5 மில்லிமீட்டர் பிளக் என்றால் கிரவுண்ட் அடிப்பகுதி, டேட்டா நுனி.

மீட்டர் கழித்தல் 5 முதல் 12 வரை எதையாவது காட்டினால் அது ஆர்.எஸ்-232. கூட்டல் 5 அல்லது 3.3 என்றால் ரி.ரி.எல். பூச்சியம் காட்டினால் மூன்று காரணம் இருக்கலாம்: கேபிள் செத்துவிட்டது, பின் மாறித் தொட்டுவிட்டீர்கள், அல்லது அது தலைகீழ் ரி.ரி.எல். பழைய கென்வுட் ரி.எஸ்-440, ரி.எஸ்-850 போன்றவை இந்தத் தலைகீழ் வகையைக் கேட்கின்றன. 13.8 வோல்ட் காட்டுகிற கேபிள் எதுவானாலும் தூர வைத்துவிடுங்கள்.

பின் எண் பார்க்கும்போது ஒரு கவனம். கையேட்டில் இருக்கும் படம் செட்டின் பின்புறத்தை நேரே பார்த்து வரைந்தது. உங்கள் பிளக்கின் ஈயம் பிடிக்கும் பக்கமும் அதே ஒழுங்கில்தான் தெரியும். பின் நீட்டிக்கொண்டிருக்கும் முகத்தைப் பார்த்தால் எல்லாம் இடம் வலமாக மாறிவிடும். வீட்டில் செய்த கேபிள்களில் நான் பார்த்த பிழைகளில் மிக அதிகம் இதுதான்.

ஐயோ, மாத்திச் செருகிட்டன். இப்ப முதல்ல என்ன செய்ய?

செட்டின் பவர் சப்ளையை நிறுத்துங்கள். செட்டின் சுவிட்ச் அல்ல, சப்ளையை. பிறகு கேபிளைக் கழற்றுங்கள். மேல் மூடிக்குக் கிட்ட மணந்து பாருங்கள். எரிந்த ரெசிஸ்டரின் நெடி அரை மணி நேரம்கூட நிற்கும். எந்தக் கேபிள், எந்தச் சொக்கெட், அப்போது செட் ஓடிக்கொண்டிருந்ததா, கணினி ஓடிக்கொண்டிருந்ததா என்பதை ஒரு துண்டில் எழுதுங்கள். நாளைக்குத் திருத்துபவர் கேட்கப்போகிற முதல் கேள்வியே அது.

செய்யக்கூடாதது ஒன்று. இன்னொரு கேபிளைப் போட்டுப் பார்ப்போம், இரவல் லப்டொப்பில் போட்டுப் பார்ப்போம் என்று இறங்காதீர்கள். செட்டுக்குள் ஏதாவது ஷோர்ட் ஆகியிருந்தால் இரவல் லப்டொப்பின் போர்ட்டும் சேர்ந்து போகும். கணினி எதுவும் இல்லாமல் செட்டை மட்டும் போட்டு, கேட்கிறதா, மைக்கில் கதைத்தால் டம்மி லோடில் (அன்ரனாவுக்குப் பதிலாகப் போடும் சுமையில்) சக்தி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெரிய கண்டம் கழிந்தது.

செட் நல்லா வேலை செய்யுது. கணினிதான் செட்டோட கதைக்குதில்ல. சிப் எரிஞ்சு போச்சா?

அவசரப்பட வேண்டாம். "எரிந்துவிட்டது" என்று கொண்டுவரப்படும் செட்டுகளில் பல வெறும் செட்டிங் பிழை. எஃப்.ரி-857 போன்றவற்றில் அந்த எட்டுப் பின் சொக்கெட் கேட், லினியர் (சக்தி பெருக்கி), டியூனர் (அன்ரனா பொருத்தி) மூன்றுக்கும் பொது. மெனுவில் கேட் தெரிவாகியிருக்க வேண்டும். யாராவது டியூனர் போட்டிருந்தால் அது அங்கேயே நிற்கும். வேகம் முதலில் வருவது 4800, ஸ்டொப் பிட் இரண்டு. ஐகொம்மில் ஒவ்வொரு மொடலுக்கும் ஒரு முகவரி உண்டு: ஐ.சி-7300 க்கு ஹெக்ஸ் 94, ஐ.சி-706 மார்க்-2ஜிக்கு ஹெக்ஸ் 58. மென்பொருளில் வேறு மொடலைத் தெரிவு செய்திருந்தால் செட் வாயே திறக்காது.

அதுவும் சரியென்றால் கேபிளைத் தனியாகச் சோதியுங்கள். ஒன்பது பின் பிளக்கில் இரண்டாம் பின்னையும் மூன்றாம் பின்னையும் சிறு வயரால் சேர்த்து, டெர்மினலில் எதையாவது தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் கணினிப் பக்கம் நலம். சி.ஐ-வி கேபிளில் இந்தச் சோதனை ஏமாற்றும். அங்கே அனுப்புவதும் பெறுவதும் ஒரே கம்பி, செட் இல்லாமலே எதிரொலி வரும். அதனால் எதிரொலி வந்தது என்பதற்காகச் செட் பதில் சொன்னது என்று எடுக்காதீர்கள். செட்டின் டயலைச் சுற்றும்போது புதிதாக ஏதாவது எழுத்து விழுகிறதா என்று பாருங்கள். டயல் மாறியதைச் செட் தானாகவே அறிவிக்கும் ட்ரான்சீவ் வசதி போட்டிருந்தால் விழும்.

யூ.எஸ்.பி கேபிள் போன கிழமை வரைக்கும் வேலை செஞ்சது. விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு மஞ்சள் முக்கோணம் வருது. செட் காரணமா?

செட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலிவுக் கேபிள்களில், யூ.எஸ்.பியைச் சீரியலாக மாற்றும் புரோலிஃபிக் சிப்பின் போலிகள் நிறைய. புதிய டிரைவர் அவற்றை அடையாளம் கண்டு ஓட மறுக்கும், "கோட் 10" என்று காட்டும். அதே வகைச் சிப் செய்யும் எஃப்.ரி.டி.ஐ நிறுவனம் 2014 இல் ஒரு படி மேலே போய், போலிச் சிப்பின் அடையாள எண்ணையே பூச்சியமாக்கும் டிரைவரை வெளியிட்டுப் பெரிய கூச்சல் கிளம்பியது. பழைய டிரைவருக்குத் திரும்பலாம், ஆனால் அடுத்த அப்டேட்டில் அதே கதை. வேறு கேபிள் வாங்குவதே மேல்.

நானா, கேட் பக்கம் போயிட்டுது எண்டு உறுதி. உள்ளுக்கு என்ன எரிஞ்சிருக்கும்? செட்டே முடிஞ்சுதா?

பெரும்பாலும் முடியவில்லை. சொக்கெட்டில் இருந்து உள்ளே போகும் வழியில் சின்ன ரெசிஸ்டர், சிப் கொயில், டயோட், சிலவற்றில் ட்ரான்சிஸ்டர் இருக்கும். அடி முதலில் அவற்றின் மேல்தான் விழும். ஆர்.எஸ்-232 சொக்கெட் உள்ள செட்டில் நடுவில் மட்டம் மாற்றும் சிப் ஒன்று இருக்கும், அதுவே பலியாகும். இவை மலிவான பாகங்கள்.

13.8 வோல்ட் டேட்டா பின்னுக்குப் போயிருந்தால்தான் பயப்பட வேண்டும். அது முன்னால் உள்ள பாதுகாப்பைத் தாண்டி முதன்மைப் புரொசஸரின் காலைத் தொட்டிருக்கலாம். புரொசஸரின் அந்த ஒரு கால் மட்டும் செத்து, மற்றதெல்லாம் ஓடுகிற செட்டுகளும் உண்டு. அப்படியென்றால் கேட்டை மறந்துவிட்டு அலைவரிசையைக் கையால் வைத்துக்கொண்டு எஃப்.ரி-8 செய்யலாம். அதற்குக் கேட் கட்டாயமில்லை, ஒலியும் வொக்ஸும் (ஒலி வந்ததும் செட் தானாக டிரான்ஸ்மிட்டுக்குப் போகும் வசதி) இருந்தால் போதும். செட்டைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

கணினி ஓன் ஆகேக்க செட் தானாவே டிரான்ஸ்மிட்டுக்குப் போகுது. இது கேபிள் பிழையா?

பிழை இல்லை, வடிவமைப்பு அப்படி. பல கேபிள்கள் சீரியல் போர்ட்டின் ஆர்.ரி.எஸ் அல்லது டி.ரி.ஆர் கம்பியைப் பி.ரி.ரிக்குப் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் எழும்பும்போதும் மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போதும் அந்தக் கம்பிகள் சற்று நேரம் மேலே போகும். செட் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அன்ரனா இல்லாமல் இருந்தாலோ, மென்பொருள் உறைந்து டிரான்ஸ்மிட்டிலேயே நின்றாலோ ஃபைனல் ட்ரான்சிஸ்டர் (அன்ரனாவுக்குச் சக்தி தள்ளும் கடைசிப் பாகம்) சூடேறிப் போகும். கேபிளால் செட் போன சம்பவங்களில் இது அதிகம் கவனிக்கப்படாதது, ஏனெனில் கேபிள் சரியாகத்தான் இருந்தது.

கணினி முழுதாக எழும்பிய பிறகு செட்டைப் போடுங்கள். டிரான்ஸ்மிட் குறித்த நேரத்தைத் தாண்டினால் தானாக நிறுத்தும் டைம்-அவுட் மெனு செட்டில் இருந்தால் போட்டு வையுங்கள்.

ஒலிக்கு ஹெட்ஃபோன் ஓட்டையில இருந்து மைக் ஓட்டைக்கு நேர வயர் போடலாமா?

போடலாம், சத்தம் கேட்கும், கேட்கச் சகிக்காது. யாயெசு டேட்டா சொக்கெட் 1200 டேட்டா வேக அமைப்பில் எதிர்பார்ப்பது 40 மில்லிவோல்ட். கணினி ஒரு வோல்ட் அளவில் தள்ளும். எரியாவிட்டாலும் சிக்னல் சிதைந்து பக்கத்து அலைவரிசைகளில் பரவும். மைக் சொக்கெட்டின் ஒலிக் கம்பியில் மைக்குக்கான டி.சி வோல்ட் இருக்கலாம், அது சவுண்ட் கார்டுக்குள் போகக்கூடாது. 600 ஓம் ஒலி ட்ரான்ஸ்ஃபோமர் ஒன்றும் இரண்டு ரெசிஸ்டரும் போட்டால் மட்டமும் குறையும், டி.சியும் நிற்கும், இரு பக்கக் கிரவுண்டும் பிரியும். பி.ரி.ரிக்கு 4என்25 அல்லது பி.சி-817 ஒப்டோகப்ளர், அதாவது ஒளியால் சிக்னலைக் கடத்தி இரு பக்கத்தையும் மின்னால் பிரிக்கும் சிப்.

லப்டொப்பின்ட உலோகத்தில கை பட்டா சுள்ளெண்டு கரண்ட் அடிக்குது. செட்டோட இணைக்கலாமா?

எர்த் சரியாகும்வரை வேண்டாம். சார்ஜருக்குள் மின்வழியில் இருந்து கிரவுண்டுக்கு சின்ன கப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் கிடைக்காதபோது 230 வோல்ட்டின் பாதியளவு அதன் வழியே லப்டொப் உடலில் வந்து நிற்கும். கரண்ட் மிகச் சிறியது, ஆளுக்கு ஆபத்தில்லை, சிப்புக்குப் போதும். நம் வீடுகளில் வட்டப் பின், சதுரப் பின் என்று சொக்கெட் பல விதம். இரண்டு பின் பிளக்கைப் போட, மேல் ஓட்டையில் பேனா முனையை விட்டுத் திறப்பது வழக்கமாகிவிட்டது. அந்த மேல் ஓட்டைதான் எர்த். மூன்று பின் சார்ஜருக்கு இரண்டு பின் அடப்டர் போட்டாலும் அதே நிலை.

3.5 மில்லிமீட்டர் பிளக்கைச் செருகும்போது நுனி முதலில் தொடும், கிரவுண்ட் பிறகுதான் சேரும். அந்தக் கண நேரத்தில் மிதக்கும் வோல்ட் முழுவதும் செட்டின் டேட்டா அல்லது ஒலிக் காலின் வழியாக இறங்கும். கேபிள் சரி, வோல்ட் மட்டம் சரி, ஆனாலும் சி.ஐ-வி போனது எப்படி என்று கேட்பவர்களுக்குப் பல சமயம் பதில் இதுவே. எல்லாவற்றையும் அணைத்து, கேபிள்களைச் செருகிவிட்டு, பிறகு சுவரில் சுவிட்சைப் போடுங்கள்.

யூ.எஸ்.பி வயர் உருகிப்போச்சு. 5 வோல்ட்டுக்கு எப்பிடி உருகும்?

அதில் ஓடியது 5 வோல்ட்டின் கரண்ட் அல்ல, செட்டினுடையது. 100 வொட் செட் டிரான்ஸ்மிட்டில் ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். செட்டின் நெகட்டிவ் வயர் தளர்ந்தாலோ, நெகட்டிவ் பக்கப் பியூஸ் போனாலோ அந்தக் கரண்ட் வேறு வழி தேடும். பவர் சப்ளையின் நெகட்டிவும் மேசைக் கணினியின் உடலும் எர்த்தில் சேர்ந்திருந்தால் யூ.எஸ்.பியின் கிரவுண்ட் கம்பிதான் அந்த வழி. தலைமயிர்த் தடிப்புக் கம்பி உருகாமல் என்ன செய்யும். கடல் காற்று அடிக்கும் காலி வீதிப் பக்கத்து வீடுகளில் பியூஸ் ஹோல்டர் பச்சை பிடிப்பது சாதாரணம், அதனால் இரண்டு பியூஸையும் அடிக்கடி கழற்றிப் பாருங்கள். கேபிள் உருகியிருந்தால் மேலே சொன்ன கேட் பாகங்களை மட்டும் பார்த்து நிற்காமல், சொக்கெட்டின் கிரவுண்ட் தடமும் போர்டில் எரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்மிட் பண்ணேக்க மட்டும் யூ.எஸ்.பி கட் ஆகுது. இதுவும் எரிஞ்ச கேஸா?

இல்லை. ரேடியோ அலை கேபிளில் ஏறுகிறது. சக்தியை 5 வொட்டுக்குக் குறைத்துப் பாருங்கள், நின்றால் அதுதான். அறைக்குள்ளேயே அன்ரனா தொடங்குகிற அடுக்குமாடிகளில் இது சாதாரணம். கேபிளைச் சுருக்கி, இரு முனையிலும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றுங்கள்.

மைக் சொக்கெட் நெட்வேர்க் சொக்கெட் மாதிரியே இருக்கு. லான் கேபிள் செருகினா?

செட்டுக்கு லான் வயரில் மைக் நீட்டிப்புச் செய்யலாம், தப்பில்லை. அதன் மறுமுனை தவறி நெட்வேர்க் சுவிட்சுக்குப் போனால்தான் வம்பு. சுவிட்சுக்குள் ஒன்றாம் இரண்டாம் பின்கள் ட்ரான்ஸ்ஃபோமர் சுருளால் சேர்ந்திருக்கும். ஐகொம் மைக்கின் முதலாம் பின்னில் வருகிற 8 வோல்ட் அதன் வழியே பக்கத்துப் பின்னுக்குப் போகும். கேமராவுக்கு மின்சாரம் கொடுக்கும் பி.ஓ.ஈ இன்ஜெக்டர் என்றால் 48 வோல்ட் வரலாம், பேச்சே இல்லை.

கொழும்பில எங்க திருத்தலாம்?

பாகங்களுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு, யூ.எஸ்.பி-ரி.ரி.எல் கேபிளுக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவையும் பார்க்கலாம். வேலைக்கு, மைக்ரோஸ்கோப்பும் சூடான காற்று ஈய நிலையமும் வைத்திருக்கும் கைத்தொலைபேசி திருத்துநர் போதும். கடுகளவு பாகம் மாற்றுவது அவர்களின் அன்றாட வேலை. ஆனால் சர்க்கிட் படம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். எழுதி வைத்த அந்தத் துண்டையும், எரித்த கேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள். "ஃபுல் செக் பண்ணுங்க" என்று விட்டுவிட்டு வராதீர்கள். கேட் சொக்கெட்டில் இருந்து புரொசஸர் வரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள், டியூன் செய்யும் கொயில்களைத் தொட வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

இடி விழுந்த அடுத்த நாள்தான் கண்டன். கேபிளாலயா, இடியாலயா எண்டு எப்பிடிப் பிரிக்கிறது?

கேபிள் பிழை ஒரு சொக்கெட்டோடு நிற்கும். இடி பல இடத்தில் கை வைக்கும்: ரிசீவர் செவிடாகியிருக்கும், கணினியில் இரண்டு மூன்று யூ.எஸ்.பி போர்ட் சேர்ந்து போயிருக்கும், ரவுட்டரும் செத்திருக்கும். அன்ரனாவைக் கழற்றி வைத்திருந்தேன் என்பவர்கள் யூ.எஸ்.பி கேபிளை மட்டும் விட்டிருப்பார்கள். மின்வழியாகவோ தொலைபேசி வழியாகவோ கணினிக்கு வந்த அடி அந்தக் கேபிளால் செட்டுக்குள் போகும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் வானம் இருண்டால் அன்ரனாவோடு யூ.எஸ்.பியையும் செட்டின் முனையில் கழற்றுங்கள். கணினி முனையில் கழற்றிவிட்டு வயரைச் சார்ஜர் மேலேயே போட்டுவிட்டுப் போவது போதாது.